மேக்சிமாவிடம் கணக்குக் கேட்கலாம்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கணிதம் செய்யும் திறந்த மூல மென்பொருள்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் எழுதுகிறேன். கல்லூரியில் முதலாமாண்டுக்குக் கணிதம் எடுக்கிறேன். மேக்சிமா என்ற கணித மென்பொருளைத் தினமும் திறக்கிறவள் என்பதால் பதில்கள் கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: அக்கா, மேக்சிமா, சிம்பை, சேஜ்மேத், ஜியோஜீப்ரா என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதில் தொடங்கட்டும்?

மேக்சிமாவில் தொடங்கும்மா. டபிள்யூஎக்ஸ்மேக்சிமா என்ற முகப்போடு நிறுவிக்கொண்டால் தொகையிடுவது, வகையிடுவது, காரணிப்படுத்துவது எல்லாம் மெனுவிலேயே கிடைக்கும், கட்டளைகளை மனப்பாடம் செய்ய வேண்டாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். பைத்தான் நிரல்மொழி ஏற்கெனவே தெரிந்தால் அதில் ஓடும் சிம்பையை எடுத்துக்கொள். சேஜ்மேத் என்பது மேக்சிமா, பாரி, கேப், சிங்குலர் என்ற கணித மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டியது, 2005இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கினார். பெரிய மென்பொருள், கல்லூரிக்குப் போனபின் பார்க்கலாம். வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் ஜியோஜீப்ரா மாதிரி வேறில்லை, ஆனால் அது முழுக்கக் கட்டற்ற உரிமத்தில் இல்லை என்பதையும் தெரிந்துகொள்.

பொறியியல் மாணவர்: ஒன்றின் கீழ் எக்ஸைத் தொகையிட்டால் வெறும் மடக்கை எக்ஸ் என்று வருகிறது. புத்தகத்தில் மட்டுக்குறி போட்டிருக்கிறது, கூடவே மாறிலியும் இருக்கிறது. மென்பொருள் தவறா?

தவறில்லை. எக்ஸ் குறை எண்ணாக இருந்தால் அதன் மடக்கை கலப்பெண்ணாகும், ஆனால் மட்டு மதிப்பின் மடக்கைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு மாறிலிதான், வகையிட்டால் அது போய்விடும். மட்டுக்குறி வேண்டுமென்றால் லாக்ஆப்ஸ் (logabs) என்ற மாறியை ட்ரூ என்று வைத்துவிட்டுத் திரும்பத் தொகையிடுங்கள். மாறிலியை நீங்கள்தான் எழுத வேண்டும், பரீட்சையில் அதற்கு மதிப்பெண் உண்டு, மறக்காதீர்கள்.

அதே மாணவர்: எக்ஸின் என்-ஆம் (n) அடுக்கைத் தொகையிடச் சொன்னால் பதில் தராமல் என்னையே கேள்வி கேட்கிறது!

எனக்கு மேக்சிமாவில் மிகப் பிடித்த இடமே இதுதான். என் என்பது குறை ஒன்றுக்குச் சமமா என்று கேட்டிருக்கும். ஏன் கேட்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நாம் படித்த சூத்திரத்தில் கீழே என் கூட்டல் ஒன்று நிற்கிறது, என் என்பது குறை ஒன்றானால் பூச்சியத்தால் வகுக்க வேண்டிவரும், அங்கே விடை மடக்கையாக மாறுகிறது. சூத்திரத்தை ஒப்பிக்கிற பிள்ளைகள் அந்த நிபந்தனையைத்தான் முதலில் தொலைக்கிறார்கள், இந்த மென்பொருள் தொலைப்பதில்லை. நோ என்று ஒருமுறை, யெஸ் என்று ஒருமுறை, இரண்டும் கொடுத்து விடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முகப்பு இல்லாமல் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் முனையத்தில் ஓட்டினால் பதிலுக்குப் பின் அரைப்புள்ளி போட வேண்டும், இல்லையென்றால் அப்படியே காத்துக்கொண்டிருக்கும். கேள்வியே வேண்டாமென்றால் அஸ்யூம் கட்டளையில் நிபந்தனையை முன்கூட்டியே சொல்லிவிடலாம், ஆனால் படிக்கிற காலத்தில் அப்படிச் செய்யாதீர்கள்.

மென்பொருள் வேலையில் இருப்பவர்: கால்குலேட்டரும் எக்செலும் இருக்கும்போது இது எதற்கு?

அவை தசமத்தில் தோராயமாகக் கணக்கிடும். இது மூன்றில் ஒன்றை மூன்றில் ஒன்றாகவே வைத்திருக்கும், இரண்டின் வர்க்கமூலத்தை வர்க்கமூலமாகவே வைத்திருக்கும். ஒரு சோதனை செய்து பாருங்கள். 163இன் வர்க்கமூலத்தைப் பை (π) என்ற எண்ணால் பெருக்கி, வந்ததை இயற்கை மடக்கையின் அடிமானமான ஈ-யின் அடுக்காகப் போடுங்கள். வருவது 18 இலக்க எண், சாதாரணக் கணிப்பு ஏறக்குறைய 16 இலக்கம்தான் வைத்திருக்கும், அதனால் தசமப் பகுதி கண்ணுக்கே தெரியாது, முழு எண் என்று நம்பிவிடுவோம். மேக்சிமாவில் துல்லியத்தை 40 இலக்கமாக்கி பிக்ஃபுளோட் என்ற நீண்ட தசம வடிவில் கேட்டால் 262537412640768743 வந்து, புள்ளிக்குப் பின் பன்னிரண்டு ஒன்பதுகள் வந்து, அப்புறம் 25 என்று உடைகிறது. முழு எண் இல்லை! இதே வகை எண்களை ராமானுஜன் 1914இல் வெளியான கட்டுரையில் எடுத்துப் பேசியிருக்கிறார், அங்கே அவர் காட்டியவற்றில் ஒன்று 58இன் வர்க்கமூலத்தை வைத்து வருவது. அதையும் போட்டுப் பாருங்கள்.

டிப்ளமோ மாணவர்: எக்ஸின் ஐந்தாம் அடுக்கிலிருந்து எக்ஸையும் ஒன்றையும் கழித்தால் பூச்சியம். தீர்க்கச் சொன்னேன், சமன்பாட்டையே திருப்பித் தந்துவிட்டது.

ஐந்தாம் படிக்குப் பொதுவான மூலச் சூத்திரம் கிடையாது என்று கணிதவியலாளர் ஏபெல் நிறுவிவிட்டார், உங்கள் சமன்பாடு அப்படித் தீராத வகையில் ஒன்று. ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே ஃபைண்ட்ரூட் (find_root) கட்டளையால் தேடுங்கள், 1.1673 என்று வரும்.

ஒரு அப்பா: மேடம், பையன் வீட்டுப்பாடத்தை இதிலேயே போட்டு எழுதிக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வது?

மேக்சிமா விடையை மட்டும்தான் தரும், வழியைக் காட்டாது, அதனால் அப்படியே எழுதினால் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். நான் என் வகுப்பில் கையால் போட்டு முடித்த பிறகுதான் கணினியைத் தொடச் சொல்கிறேன். பிறகு கை விடையை மென்பொருளிடம் கொடுத்து வகையிட வைத்து, வினாவிலிருந்து கழித்துச் சுருக்கச் சொல்ல வேண்டும், பூச்சியம் வந்தால் சரி. இதில் ஒரு நல்ல விஷயம் நடக்கும். இரண்டு சைன் எக்ஸ் காஸ் எக்ஸைத் தொகையிட்டால் ஒரு பிள்ளைக்கு சைன் வர்க்கம் வரும், இன்னொரு பிள்ளைக்குக் குறை காஸ் வர்க்கம் வரும், இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். கழித்துப் பார்த்தால் ஒன்று! மாறிலி ஏன் எழுதுகிறோம் என்று அன்றைக்குத்தான் புரியும், நான் ஒரு மணி நேரம் கரும்பலகையில் சொல்வதைவிட அது நன்றாகப் பதிகிறது. வழிமுறையையும் பார்க்க வேண்டுமென்றால் சிம்பையில் மேனுவல்இன்டக்ரேட் என்ற பகுதி இருக்கிறது, மனிதர் கையால் போடுகிற வழியில் தொகையிட முயலும்.

கைபேசி மட்டும் உள்ள மாணவி: என்னிடம் கணினி இல்லை, அக்கா.

சேஜ்மேத்செல் என்று தேடி உலாவியில் திற, எதையும் நிறுவாமல் அங்கேயே கணக்கிடலாம். இணையம் மட்டும் வேண்டும்.

பட்டதாரி ஆசிரியர்: இவ்வளவு நல்ல பொருளை ஏன் இலவசமாகத் தருகிறார்கள்?

மேக்சிமாவின் வேர், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1968இல் தொடங்கிய மேக்சைமா (Macsyma) என்ற நிரல், லிஸ்ப் என்ற நிரல்மொழியில் எழுதியது. அமெரிக்க எரிசக்தித் துறையிடம் இருந்த அதன் பிரதியை டெக்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஷெல்ட்டர் 1982 முதல் பராமரித்து வந்தார். 1998இல் அந்தத் துறையிடம் அனுமதி வாங்கி ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டார். 2001இல் அவர் இறந்துவிட்டார், அதன்பின் தன்னார்வலர்கள் எடுத்து நடத்துகிறார்கள். அவர் அந்த அனுமதியைக் கேட்காமல் இருந்திருந்தால் இன்று என் மாணவர்கள் கையில் இது இருந்திருக்காது. உங்கள் பள்ளியில் எத்தனை கணினிகளில் வேண்டுமானாலும் போடலாம், யாரிடமும் கேட்க வேண்டாம்.

அதே ஆசிரியர்: விடையை முழுக்க நம்பலாமா?

நம்பாதீர்கள், சரிபாருங்கள். எந்த மென்பொருளிலும் பிழை உண்டு. வரையறுத்த தொகையீடு என்றால் அதே கணக்கை எண்முறையில் தொகையிடும் கட்டளையிலும் போட்டு ஒப்பிடுங்கள், இரண்டு நிமிடம் ஆகாது. ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் உங்கள் உள்ளீட்டில் அடைப்புக்குறிகளைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அங்கேயும் இல்லையென்றால் அந்தக் கணக்கை அப்படியே மேக்சிமா உருவாக்குநர்களுக்கு அனுப்புங்கள்.