பழைய மஸ்டாங்: நான்கு சிலிண்டரா, வி8 எஞ்சினா?

டெக்சாஸில் 2018 மாடல் ஃபோர்டு மஸ்டாங் கார் ஒன்றைப் பழையதாக வாங்கவிருக்கிறீர்கள். நான்கு சிலிண்டர் ஈகோபூஸ்ட் போதுமா, கூடுதல் பணம் போட்டு எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் உள்ள ஜிடி எடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கைக்கு எட்டுமென்றால் ஜிடிதான்! ஈகோபூஸ்ட்டின் 2.3 லிட்டர் டர்போ எஞ்சின் 310 குதிரைத்திறன் தருகிறது; வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஜிடியின் 5 லிட்டர் வி8, 460 குதிரைத்திறனோடு நிமிடத்துக்கு 7,000 சுழற்சிவரை தளராமல் ஏறும்போது எழும் உறுமலுக்கு ஈடே கிடையாது. நீண்ட முகப்பும் மூன்று பட்டைப் பின்விளக்கும் இரண்டிலும் உண்டு. தோற்றத்துக்காக மட்டும் ஜிடிக்குப் போக வேண்டாம். பின்னிருக்கை பெரியவர்களுக்கு ஆகாது. விலை பேசுமுன் இரண்டுக்கும் காப்பீட்டுக் கட்டணத்தை விசாரித்துவிடுங்கள். பின் டயர்கள் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தால், முன்பு வைத்திருந்தவர் டயரைப் புகையவிட்டு விளையாடியிருக்கலாம். கையால் கியர் மாற்றும் வண்டியென்றால் கிளட்சையும் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.