டி.எஸ்.ஹெச். 6.8 வந்தால் பிள்ளை மந்தமாகிவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. இந்தப் பருவத்தில் கணக்கில் மார்க் இறங்கிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சுருண்டு படுத்துக்கொள்கிறாள். ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். 6.8, ஃப்ரீ டி4 நார்மல். "தைராய்டு வந்தா மூளை மந்தமாயிடும், உடனே மாத்திரை போடு" என்கிறார் என் நாத்தனார். ஜூனில் தைத்த யூனிஃபார்ம்கூட அதற்குள் குட்டையாகிவிட்டது. வளர்கிற பிள்ளைக்கு இப்படியா?
– ஒரு தாய், சேலம்

பதில்: அம்மா, கடிதத்தின் கடைசியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய யூனிஃபார்ம் விஷயம்தான் எனக்குப் பெரிய ஆறுதல். தைராய்டு நிஜமாகவே குறைந்துபோன பிள்ளைக்கு வளர்த்தி தேங்கிவிடும். பாவாடை மடிப்பைப் பிரிக்க வேண்டியே வராது, பழைய செருப்பே வருஷக்கணக்கில் பொருந்தும். உங்கள் மகள் வளர்ந்துகொண்டிருக்கிறாள்.

டி.எஸ்.ஹெச். என்பது 'இன்னும் கொஞ்சம் சுர' என்று தைராய்டுக்குப் பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் உத்தரவு. உடம்புக்கு வேலை செய்வது தைராய்டு சுரக்கும் ஹார்மோனான டி4. அது சரியாக இருந்து, டி.எஸ்.ஹெச். மட்டும் 5-லிருந்து 10-க்குள் இருப்பது பிள்ளைகளிடம் அடிக்கடி பார்ப்பதுதான். பலருக்குத் தானாகவே இறங்கிவிடும். எடை கூடுதலாக இருந்தாலே சற்று ஏறும்.

நாத்தனார் பயப்படுவதும் ஆதாரம் இல்லாமல் அல்ல. பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைக்கு முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்காவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும். குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்ப்பது அதற்காகத்தான். 9 வயதில் வரும் லேசான ஏற்றம் வேறு கதை. அமெரிக்காவில் 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளை வைத்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி டி.எஸ்.ஹெச். மட்டும் லேசாக ஏறியவர்கள் அறிவுத்திறன் தேர்வுகளில் பின்தங்கவில்லை.

அதனால் மாத்திரையை நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அளவு மிஞ்சினால் படபடப்பும் தூக்கக் கேடும் வரும், இருக்கிற கவனமும் சிதறும். இரண்டு மூன்று மாதம் கழித்து டி.எஸ்.ஹெச்., ஃப்ரீ டி4 இரண்டையும் திரும்பப் பாருங்கள். கூடவே, உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் தைராய்டு ஆன்டிபாடி பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். டி.எஸ்.ஹெச். 10-ஐத் தாண்டினாலோ, டி4 இறங்கினாலோ, கழுத்தில் வீக்கம் தெரிந்தாலோ, வளர்த்தி நின்றாலோ மருந்தைப் பற்றிப் பேச வேண்டும். அயோடின் உப்பு எப்போதும்போல இருக்கட்டும்.

என் கவலையெல்லாம் வேறு. 'தைராய்டு' என்ற சொல் வந்துவிட்டால் சோர்வுக்கு வேறு காரணம் தேடுவதையே விட்டுவிடுகிறோம். இதேபோல டி.எஸ்.ஹெச். 7 வந்த ஒரு பையனை என்னிடம் அழைத்து வந்தார்கள். சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்கச் சொன்னேன். தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி, நாற்காலியைவிட்டு எழுந்து காலண்டர் கிட்டேயே போய்விட்டான். அவனுக்குத் தேவைப்பட்டது கண்ணாடி. ஒரு வருஷமாகக் கரும்பலகையே தெரியாமல் திட்டு வாங்கியிருக்கிறான், பாவம்.

உங்கள் மகளுக்கு முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயதில் 11.5-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அது குறையும் முன்பே இரும்புச்சத்து தீர்ந்திருக்கலாம், அதனால் உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து சுருண்டு படுக்கிற பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். கண்ணையும் பரிசோதியுங்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், குறட்டை விடுகிறாளா என்று கவனியுங்கள். கணக்கில் மட்டும்தான் இறங்கியிருக்கிறதா என்று டீச்சரிடம் கேளுங்கள்.

அவள் காதுபட "உனக்குத் தைராய்டு" என்று யாரும் பேச வேண்டாம். இன்று அவளைக் கதவு நிலையில் சாய்ந்து நிற்கவைத்து, பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதிவையுங்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது இரண்டாவது கோடும் போட்டு, ரிப்போர்ட்டோடு அந்த அளவையும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.