வெயில் காலத்திலும் பச்சிளம் குழந்தைக்குக் குளிரும்

கேள்வி: என் மகளுக்கு 36-வது வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பேரன் எடை 2.1 கிலோ. வீட்டுக்கு வந்துவிட்டோம். பால் நன்றாகக் குடிக்கிறான். ஆனால் பாதம் ஜில்லென்று இருக்கிறது. அக்குளில் தெர்மாமீட்டர் வைத்தால் 97 காட்டுகிறது. காய்ச்சல் இல்லையே, இந்த வெயிலில் பயப்பட வேண்டுமா? தலைக்கு ஊற்றலாமா?

பதில்: இப்போது தலைக்கு ஊற்ற வேண்டாம் அம்மா. பச்சிளம் குழந்தையின் உடல்வெப்பம் 97.7 முதல் 99.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் இருக்க வேண்டும். வயிறு கதகதப்பாக இருந்து பாதம் மட்டும் சில்லிட்டால் உடம்பு குளிரோடு போராடுகிறது என்று பொருள். வயிறும் சில்லிட்டிருந்தால் நிலைமை மோசம்.

நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூட்டை உண்டாக்கிக்கொள்ளும். பிறந்த குழந்தைக்கு அந்த வழி இல்லை. கழுத்திலும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் உள்ள பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்கிறது. அது கர்ப்பத்தின் கடைசி வாரங்களில்தான் சேரும் என்பதால், முன்னதாகப் பிறந்த உங்கள் பேரனுக்கு இருப்பு குறைவு. எரிக்கும்போது ரத்தச் சர்க்கரையும் இறங்கும். சர்க்கரை இறங்கினால் குழந்தை சோர்ந்துவிடும், பால் குடிக்காது, மேலும் குளிரும். ஈரத்துணியும் மின்விசிறிக் காற்றுமே இதற்குப் போதும். ஊட்டிக் குளிர் தேவையில்லை.

உடனே செய்ய வேண்டியது: ஃபேனை நிறுத்துங்கள். குழந்தைக்கு உலர்ந்த நாப்கின், குல்லா, காலுறை மட்டும் போட்டு, மகளின் வெற்று மார்பில் நிமிர்ந்த வாக்கில் சாய்த்து வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கும் வாயும் மறையாமல் இருக்கட்டும். இருவரையும் சேர்த்துத் துணியால் போர்த்துங்கள். அப்படியே பால் கொடுக்கலாம். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் 1970-களின் இறுதியில் தொடங்கிய முறை இது. எடை குறைந்த குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை இதைச் செய்யச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மகள் அசந்தால் மருமகனோ நீங்களோ ஏந்திக்கொள்ளலாம். வெந்நீர்ப் பை மட்டும் வேண்டவே வேண்டாம், தோல் வெந்துவிடும்.

ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். 97.7-ஐத் தொடவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் போய்விடுங்கள்; கிருமித்தொற்று சில சமயம் காய்ச்சலாக வராமல் இப்படிக் குளிராகவே வரும். 96.8-க்குக் கீழே போனாலோ, உறிஞ்சாமல் துவண்டாலோ, அழுகை ஈனமாக இருந்தாலோ அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழைத்து, மார்போடு அணைத்தபடியே கொண்டுபோங்கள். கன்னம் சிவந்திருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். மிகவும் குளிர்ந்த குழந்தையின் முகமும் சிவந்திருக்கலாம்.

குளியலை எடை 2.5 கிலோ ஆன பிறகு வைத்துக்கொள்ளலாம். அதுவரை வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்துத் துடைத்து, உடனே ஈரம் ஒற்றிவிடுங்கள். சாம்பிராணிப் புகை காட்ட வேண்டாம்.