எரர் டெர்முக்குள் என்ன இருக்கிறது?

வணக்கம் ஐயா,

எம்.ஏ. பொருளாதாரம் முதலாண்டு படிக்கிறேன். எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதார அளவியல்) தேர்வில், ரெக்ரஷன் முறைக்கு அடிப்படையான காஸ்-மார்க்கோவ் தேற்றத்தைத் தடுமாறாமல் நிறுவிவிடுவேன். கணினி வகுப்பில் ஒரு ரெக்ரஷன் (ஒன்று மாறும்போது மற்றொன்று எவ்வளவு மாறுகிறது என்று தரவிலிருந்து கணக்கிடும் முறை) முடிவைக் காட்டி, அதில் ஒரு மாறிக்கு நேரே உள்ள எண்ணைச் சுட்டி, 'இந்தக் கெழு என்ன சொல்கிறது?' என்று கேட்டால் பதில் வருவதில்லை. நிறுவல்களை விட்டுவிட்டு மென்பொருளைப் பழகலாமா?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

நிறுவல்களை விட்டுவிடாதீர்கள். அவற்றில் ஒரு எடுகோளை மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள்: விளக்கும் மாறியின் மதிப்பு எதுவானாலும் எரர் டெர்மின் (சமன்பாட்டில் நாம் சேர்க்காத காரணங்கள் எல்லாம் அடங்கும் பிழை உறுப்பின்) சராசரி பூஜ்யம். சம்பளத்துக்கும் படித்த ஆண்டுகளுக்கும் ரெக்ரஷன் போடும்போது குடும்ப வசதி, பிள்ளையின் திறமை எல்லாம் அந்த எரர் டெர்முக்குள்தான் இருக்கின்றன. வசதியான வீட்டுப் பிள்ளை கூடுதலாகப் படிக்கிறது. வேலை வாங்கித்தரவும் அதற்கு ஆள் இருக்கிறது. அங்கேயே எடுகோள் உடைந்துவிடுகிறது. தரவை எத்தனை மடங்கு பெருக்கினாலும் இது சரியாகாது.

கெழுவைப் படிக்கப் பழக, பொருளாதார அறிஞர்கள் கார்டும் க்ரூகரும் 1994இல் வெளியிட்ட ஆய்வைத்தான் நான் சொல்வேன். 1992 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியா உயர்த்தவில்லை. இரு பக்கமும் நானூறு சொச்சம் துரித உணவகங்களில், உயர்வுக்கு முன்னும் பின்னும் ஆள் கணக்கு எடுத்தார்கள். பகுதி நேரத்தையும் முழு நேரமாக மாற்றிக் கணக்கிட்டால், ஒரு கடையின் சராசரி நியூ ஜெர்சியில் 20.44இலிருந்து 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33இலிருந்து 21.17 ஆனது. ஒன்று 0.59 கூடியது, மற்றது 2.16 குறைந்தது. இடைவெளி 2.75.

இதையே ரெக்ரஷனாக எழுதுங்கள்: நியூ ஜெர்சிக்கு ஒரு டம்மி (ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0 ஆகும் மாறி), உயர்வுக்குப் பிந்தைய காலத்துக்கு ஒரு டம்மி, இரண்டின் பெருக்கல் ஒன்று. மாறிலி 23.33, நியூ ஜெர்சி கெழு −2.89, காலத்தின் கெழு −2.16, பெருக்கலின் கெழு அந்த 2.75. ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வருகிறது என்று உங்களாலேயே சொல்ல முடியும்.

இனிதான் எரர் டெர்ம் கேள்வி. கூலியை உயர்த்தாமல் இருந்திருந்தால் நியூ ஜெர்சியும் பென்சில்வேனியா போலவே சரிந்திருக்குமா? பென்சில்வேனியாவில் மட்டும் வேறேதாவது நடந்ததா? நியூமார்க், வாஷர் என்ற பொருளாதார அறிஞர்கள் சம்பளப் பதிவேடுகளைக் கொண்டு, கூலி உயர்வால் வேலை குறைந்தது என்ற எதிரான முடிவுக்கு வந்தார்கள். 2000இல் இரு தரப்பும் ஒரே இதழில் வாதிட்டன. 2021இல் கார்டுக்கு நோபல் கிடைத்தது. குறைந்தபட்சக் கூலி பற்றிய சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

அந்தத் தரவு இணையத்தில் இருக்கிறது. ஆர், கிரெட்டில் என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். முதலில் நான்கு சராசரிகளையும் தாளில் போட்டுவிட்டு, பிறகு மென்பொருளைத் திறங்கள்.