ஞாயிற்றுக்கிழமைக்காக ஒரு கார் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 39. அம்பத்தூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். தனியார் நிறுவன வேலை; பிடித்தம் போக 52,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ஆகிவிடுகிறது. மனைவி, 12 வயது மகள், 7 வயது மகன், 67 வயது அம்மா. மாதத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமையாவது பிள்ளைகளை வெளியே அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் மால்தான். ஒவ்வொரு முறையும் மூவாயிரம் ரூபாய் கரைகிறது. சொந்தமாகக் கார் இருந்தால் மாமல்லபுரம், வேடந்தாங்கல் என்று குறைந்த செலவில் போய்வரலாமே என்று தோன்றுகிறது. நண்பர் ஒருவர் தன் பழைய காரை 4,25,000 ரூபாய்க்குத் தருகிறார். அவசரத்துக்கென்று வங்கியில் வைத்திருக்கும் 75,000 ரூபாயை முன்பணமாகக் கொடுத்துவிட்டு, மீதி 3,50,000-க்கு 13 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் வாங்கலாமா? அலுவலகத்துக்கு நிறுவனப் பஸ்ஸில் போகிறேன். கடைசியாக மாலுக்குப் போன அன்றைய செலவுக் கணக்கையும் இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: வேண்டாம். காரைப் பற்றிக் கேட்டதற்கு இதுதான் பதில். கணக்கு கீழே வருகிறது. ஆனால் எனக்கு உங்கள் காரைவிட அந்த மால் கணக்கில்தான் அக்கறை. இவ்வளவு ஒழுங்காக எழுதி அனுப்பும் வாசகர்கள் குறைவு.

வாடகைக் கார் போக வர 640. விளையாட்டு அட்டையில் ஏற்றியது 800. அதில் 130 ரூபாய் இன்னும் மீதி இருப்பதாகப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். சாப்பாடு 1,050. ஐஸ்கிரீம் 260. இரண்டு தண்ணீர் பாட்டில் 120. ஆகமொத்தம் 2,870. இதில் நுழைவுக் கட்டணம் எங்கே? மாலுக்குள் போக ஒரு பைசா வாங்குவதில்லை. பிள்ளைகள் விளையாடிய பணத்தைக் கழித்துவிட்டால், மற்றதெல்லாம் பசிக்கும் தாகத்துக்கும் வீடு திரும்புவதற்கும் போனது. ஊர் சுற்றும் குடும்பத்தின் பணம் பார்க்கப் போகிற இடத்தில் செலவாவது குறைவு. பகல் ஒரு மணிக்குச் சின்னவன் முகம் சுருங்கும்போது செலவாகிறது. சாயங்காலம் அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும், ‘இனிமேல் பஸ் வேண்டாம்’ என்று நீங்களே முடிவு செய்யும்போது செலவாகிறது. கார் இந்த இரண்டாவதைத்தான் தீர்க்கும். முதலாவதை வளர்த்துவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையில், காரை நிறுத்த நல்ல இடம் இருக்கிறதே என்று நுழையும் ஓட்டல்களின் விலைப்பட்டியலை ஒருமுறை பாருங்கள்.

இனி காரின் கணக்கு. 3,50,000 ரூபாய்க்கு 13 சதவீதம், 60 மாதம் என்றால் தவணை சுமார் 7,960. ஐந்து ஆண்டில் வட்டியாக மட்டும் 1,27,000-க்கு மேல் கட்டுவீர்கள். காப்பீடு, சர்வீஸ், டயர் என்று மாதம் 1,800 ஒதுக்க வேண்டும். பழைய கார் என்பதால் இதைக் குறைத்தே சொல்கிறேன். மாதம் மூன்று பயணம், தலா 130 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் 2,600. மொத்தம் 12,360. உங்கள் சம்பளத்தில் 40,000 போக மிஞ்சுவது 12,000. கார் உங்களிடம் இருப்பதைவிட 360 ரூபாய் அதிகமாகக் கேட்கிறது. அதுவும் யாரும் எங்கும் ஒரு காபிகூடக் குடிக்காமல் திரும்பினால்!

ஒரு பயணத்துக்கு 4,120 ரூபாய் விழுகிறது. ஏறக்குறைய அந்தப் பணத்துக்கு ஓட்டுநரோடு வாடகைக் காரே ஒரு நாள் முழுக்க வரும். ஓட்ட வேண்டாம், நிறுத்த இடம் தேட வேண்டாம், மற்ற 27 நாள் அது தெருவில் வெயில் காய்வதைப் பார்க்கவும் வேண்டாம். இதோடு அந்த 75,000. அவசரப் பணத்தை முன்பணமாகக் கொடுப்பேன் என்று நீங்கள் எழுதிய வரியைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. 67 வயது அம்மா இருக்கும் வீட்டில் அதைத் தொடுவதாவது?

சரி, கார் இல்லாமல் எங்கே போவது? சென்னையில் ஒருநாள் பயணம் என்றாலே எல்லாரும் தெற்கே திரும்பிக் கடலோரம் போகிறார்கள். அடையாறில் இருப்பவருக்கு அது சரி. அம்பத்தூரில் இருக்கும் உங்களுக்கு வீட்டு வாசலில் இருப்பது அரக்கோணம் ரயில் பாதை. சென்னைப் புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் இன்றும் 5 ரூபாய்தான். திருவள்ளூர் வரை போனாலும் தலைக்குப் பத்து, பதினைந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். மகனுக்கு அரை டிக்கெட். ஞாயிற்றுக்கிழமை காலையில் நகரத்துக்கு எதிர்த்திசையில் போகும் ரயிலில் ஐந்து பேருக்கும் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்கும். ஜன்னலோரத்துக்கு அக்காவும் தம்பியும் போடும் சண்டை ஆவடி தாண்டும் வரை ஓடும். அதுவரை பொழுது போக்க வேறெதுவும் தேவையில்லை. ஞாயிறன்று ரயில்கள் குறைவு என்பதால், திரும்பும் நேரத்தை மட்டும் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

திருவள்ளூரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டரில் பூண்டி. மழைக்காலம் முடிந்த டிசம்பர், ஜனவரியில் போனால் நீர்த்தேக்கம் நிறைந்து கடல்போல நிற்கும். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1944-இல் பயன்பாட்டுக்கு வந்த அணை இது. சென்னை மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட சத்தியமூர்த்தியின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை, 1943-லேயே போய்விட்டார். ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர் வந்து சேர்வதும் இங்கேதான். வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து கிளம்புகிறது என்று மகளுக்குக் காட்டலாம்; அவள் வயதில் அது பாடப்புத்தகத்தைவிட நன்றாக ஏறும். பூண்டியிலேயே தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒரு ரயில், ஒரு பஸ் தூரத்தில் இது கிடக்கிறது. அருங்காட்சியகத்தின் நாளையும் நேரத்தையும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். குடை எடுத்துப் போங்கள், கரையில் நிழல் குறைவு. மதகுப் பக்கம் யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

பஸ்ஸைப் பொறுத்தவரை உங்கள் வீடு அதிர்ஷ்டமான வீடு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து பேரில் மூன்று பேருக்கு டிக்கெட் கிடையாது. நீங்களும் மகனும்தான் காசு கொடுக்க வேண்டும்.

அதே ரயில் பாதையில் இன்னும் மேற்கே போனால் திருத்தணி. பிள்ளைகள் 365 படிகளையும் எண்ணிக்கொண்டு ஏறட்டும். அம்மாவுக்கு மலைமேல் போகச் சாலை இருக்கிறது. கிருத்திகையன்று மட்டும் போகாதீர்கள், கூட்டத்தில் பிள்ளையைத் தேடுவதே வேலையாகிவிடும்.

ஏப்ரல், மே மாதங்களில் இதெல்லாம் வேண்டாம். அப்போது விடியற்காலை மெரினா போதும். ஐந்தரை மணிக்கு மணலில் இருந்தால் எட்டு மணிக்குள் வெயிலுக்கு முன்னால் கிளம்பிவிடலாம். அலையில் கால் நனைக்கலாம், குளிக்கக் கூடாது.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகள் கேட்பார்கள். வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். நான் ஒருமுறை இதைப் பார்க்காமல், பள்ளி விடுமுறையில் ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டு பிள்ளைகளையும் தங்கையின் மகனையும் கூட்டிக்கொண்டு போய் மூடிய வாயிலின் முன் நின்றேன். சமாதானப்படுத்த ஓட்டலுக்குள் நுழைந்ததில் 1,800 ரூபாய் போயிற்று. ஊருக்கெல்லாம் பட்ஜெட் போட்டுத் தருபவன் என்று என் மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

நீங்கள் ஆசைப்பட்ட இரண்டு இடங்களையும் நான் விலக்கவில்லை. அம்பத்தூரிலிருந்து மாமல்லபுரத்துக்கு ரயிலும் பஸ்ஸும் மாறிப் போவதற்குள் அம்மா சோர்ந்துவிடுவார். இந்த மாதிரி இடத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாடகைக் கார் வையுங்கள். நாளுக்கு 4,000 என்று வைத்துக்கொள்கிறேன். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்துப் பெரியவர்களுக்கு 40 ரூபாய் டிக்கெட். 15 வயதுக்குக் கீழே இலவசம். உங்கள் குடும்பத்துக்கு 120 ரூபாயில் முடியும். அர்ச்சுனன் தபசு தெருவோரத்திலேயே இருக்கிறது, அதற்குக் கட்டணமே இல்லை. அந்தப் பாறையில் செதுக்கியிருக்கும், தவம் செய்யும் பூனையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுங்கள். அரை மணி நேரம் நீங்கள் உட்காரலாம்.

வேடந்தாங்கல் நவம்பரிலிருந்து மார்ச் வரை. மதியத்துக்குமேல் போய்ச் சேர்ந்தால் போதும், இரை தேடப் போன பறவைகள் நாலு மணிக்குமேல் கூட்டம் கூட்டமாக மரத்துக்குத் திரும்பும். நத்தைகுத்தி நாரை வாயில் குச்சியோடு வந்து இறங்குவதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். அந்த ஊர்க்காரர்கள் என் தொழிலுக்கு ஏற்ற ஆட்கள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால் பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

இப்போது சாப்பாடு. உங்கள் 2,870-இல் 1,430 ரூபாயை வாய்தான் எடுத்துக்கொண்டது, அதாவது பாதி. புளியோதரையை முதல் நாள் இரவே கிளறி வைத்தால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். தயிர்சாதத்தில்தான் எல்லாரும் தவறுவார்கள். காலையில் தயிரை ஊற்றிப் பிசைந்தால் பதினொரு மணிக்கே புளித்துவிடும். சாதத்தைக் குழைய வடித்து, ஆறியதும் பாலைத் தாராளமாக ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் விட்டுப் பிசையச் சொல்லும் என் அம்மாவின் வழி சரியானது. பூண்டி போய்ச் சேர்ந்து பாத்திரத்தைத் திறக்கும்போது பதமாக உறைந்திருக்கும். மோர்மிளகாய், வடகம், ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். இதையெல்லாம் மனைவி ஒருவர் தலையில் கட்டினால் இரண்டாவது வாரமே திட்டம் படுத்துவிடும். புளியோதரை உங்கள் பொறுப்பு.

ஆனால் சாயங்காலம் அம்பத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடியுங்கள். அந்த 150 ரூபாயை நான் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துவிட்டேன். இதை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் அடுத்த வாரம் அம்மா ‘நான் வரவில்லை, நீங்கள் போய்வாருங்கள்’ என்பார். அதற்கடுத்த வாரம் மறுபடியும் மால்.

ரயில் 140, பஸ் 40, ஆட்டோ 150, டீ, சுண்டல், ஐஸ் 150 என்று சின்னப் பயணம் ஒன்றுக்கு 500 ரூபாய் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் இப்படி எட்டுப் பயணம் 4,000. வாடகைக் காரில் ஒரு பெரிய பயணம் எல்லாம் சேர்த்து 4,700. மூன்று மாதத்துக்கு 8,700, மாதம் 3,000-க்குள். இப்போது மூன்று மால் பயணத்துக்கு 8,610 கொடுக்கிறீர்கள். மிஞ்சும் 5,600-இல் 5,000 ரூபாயைச் சம்பளம் வந்த மறுநாளே அவசரக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். ஆறு மாதச் செலவு 2,40,000 உங்களிடம் இருக்க வேண்டும், 75,000 இருக்கிறது. வட்டியைக் கணக்கில் எடுக்காமலே 33 மாதத்தில் நிறையும். அப்போதும் கார் ஆசை இருந்தால், கார் விலையில் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள், வேறு பதில் சொன்னாலும் சொல்வேன்.

மாதம் மீதி 600 ரூபாய் பிள்ளைகளுடையது. விடுமுறையில் ஒருநாள் மாலுக்கே போக வேண்டும் என்றால் அதிலிருந்து போகட்டும், தடுக்காதீர்கள். அப்படிப் போகும் நாளில், வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அட்டையில் இருக்கும் 130 ரூபாயை முதலில் தீர்த்துவிட்டு, அட்டையைத் திருப்பிக் கொடுத்தால் முன்வைப்புத் தொகை ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று கவுண்டரில் கேளுங்கள். மீதியோடு அதைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வராதீர்கள்; அடுத்த 800 ரூபாயை ஏற்றவைக்கத்தான் அந்த 130 அதில் இருக்கிறது.