கலங்கிக் கிடக்கும் சமூகத்தில் சுதந்திரத்தையும் மன அமைதியையும் காத்துக்கொள்வது எப்படி?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: அலுவலகத்திலும் வெளியிலும் சுற்றியிருப்பவர்கள் கோபத்திலும் பயத்திலும் அணி பிரிந்து நிற்கிறார்கள். பேசினால் துரோகி என்கிறார்கள், பேசாதிருந்தால் கோழை என்கிறார்கள். இதற்கு நடுவில் ஒருவர் தன் சுதந்திரத்தையும் நிம்மதியையும் இழக்காமல் வாழ முடியுமா?

முடியும் என்று நம்புகிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் இரண்டு பதில்களும் எனக்குப் போதவில்லை. செய்தி பார்ப்பதை நிறுத்து, கண்ணை மூடி உட்கார், உன் வேலையைப் பார் என்பது ஒன்று. இறங்கிப் போராடு, இந்த நேரத்தில் நிம்மதி ஒரு கேடா என்பது இன்னொன்று. முதல் பதில் நிம்மதிக்கு விலையாகச் சுதந்திரத்தைக் கேட்கிறது. இரண்டாவது, பெரும்பாலும் ஒரு கூட்டத்திலிருந்து நம்மைப் பிடுங்கி இன்னொரு கூட்டத்தில் நட்டுவிடுவதோடு முடிகிறது. நான் பார்த்தவரையில் சுதந்திரமும் நிம்மதியும் ஒரே இடத்தில்தான் பறிபோகின்றன. நாம் நம்பாத ஒன்றை நம் வாயாலேயே சொல்லிவிட்டு வீடு திரும்பும் நாளில் தூக்கமும் போகிறது, நம் மேல் நமக்கிருந்த உரிமையும் கொஞ்சம் போகிறது. ஆகவே காவல் போட வேண்டியது அந்த இடத்தில்.

செக் நாடக ஆசிரியர் வாக்லாவ் ஹாவெல் 1978-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஒரு காய்கறிக் கடைக்காரர் வருகிறார். ஒற்றைக் கட்சி ஆட்சியில் இருந்த செக்கோஸ்லோவாகியா. கடை முகப்பில் வெங்காயத்துக்கும் கேரட்டுக்கும் நடுவே ‘உலகத் தொழிலாளர்களே, ஒன்றுபடுங்கள்’ என்ற அட்டையை அவர் வைத்திருக்கிறார். அந்த வாசகத்தைப் பற்றி அவர் யோசித்ததில்லை. மேலிடத்திலிருந்து சரக்கோடு சேர்ந்து வந்தது, வைக்காவிட்டால் தொல்லை, வைத்துவிட்டார். வாங்க வருகிறவர்களும் அதைப் படிப்பதில்லை. யாரும் நம்பாத, யாரும் படிக்காத அட்டைக்கு என்ன வேலை? ‘நான் அடங்கி நடக்கிறேன், என்னை விட்டுவிடுங்கள்’ என்று சொல்லும் வேலை. எல்லாக் கடைகளிலும் அட்டை இருப்பதால் அடுத்த கடைக்காரராலும் வைக்காமல் இருக்க முடியவில்லை. பயந்து வைத்தவரே அடுத்தவருக்குப் பயத்தைக் கொடுக்கிறவராகவும் ஆகிவிடுகிறார். ஹாவெல் இதை எழுதிய மறு ஆண்டே கைது செய்யப்பட்டு, 1983 வரை சிறையில் இருந்தார். 1989 டிசம்பரில் அதே நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

இன்று பலருக்கு மேலிடத்திலிருந்து அட்டை வருவதில்லை. நண்பர் அனுப்புகிறார், உறவினர் அனுப்புகிறார், உடன் வேலை செய்கிறவர் அனுப்புகிறார். ‘இதைப் பகிராதவன் மனிதனே இல்லை’ என்ற ஒரு வரியும் கூடவே வருகிறது. சமூகத்தின் இந்த நெருக்குதல் அரசின் நெருக்குதலைவிட ஆழமாக அன்றாட வாழ்க்கைக்குள் நுழையும், அதிலிருந்து தப்ப வழியும் குறைவு என்று 1859-லேயே ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் எச்சரித்திருக்கிறார். ஊரோடு ஒத்து வாழ் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கப்பட்ட நமக்கு அந்த எச்சரிக்கை எளிதில் உள்ளே இறங்குவதில்லை. ஊரோடு ஒத்து வாழ்வதில் எனக்கு மறுப்பில்லை. ஊர் பொய் சொல்லும்போது கூடச் சேர்ந்து சொல்ல வேண்டும் என்பதில்தான் மறுப்பு.

நான் கடைப்பிடிப்பது ஒரு சிறிய ஒழுங்கு. உண்மை என்று எனக்குப் படுவதை எல்லா இடத்திலும் சொல்லியாக வேண்டும் என்று வைத்துக்கொள்வதில்லை. உண்மை அல்ல என்று தெரிந்ததை எந்த இடத்திலும் சொல்வதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் பெரிய வெளி இருக்கிறது. மௌனத்தின் வெளி அது. அதில் தங்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில், யாரோ ஒருவரைக் கண்டித்து ஒரு கூட்டறிக்கை சுற்றுக்கு வந்தது. நடந்தது என்ன என்று எனக்குத் தெரியாது. ‘எனக்கு விவரம் தெரியவில்லை, அதனால் கையெழுத்திடவில்லை’ என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. விளக்கம் கொடுக்கத் தொடங்கினால் போயிற்று. விளக்கம் விவாதமாகும், விவாதம் விசாரணையாகும், கடைசியில் நீங்கள் எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். சில நாட்கள் பேச்சு குறைந்தது. பிறகு அவரவர் வேலையில் அது மறந்துபோனது.

எல்லா மௌனமும் நல்ல மௌனம் என்று நான் சொல்லவில்லை. கண்ணெதிரே ஒருவரை அடிக்கிறார்கள் என்றால், பொய்க் குற்றச்சாட்டில் ஒருவர் மாட்டியிருக்கிறார், உண்மை உங்களுக்குத் தெரியும் என்றால், அங்கே வாய்மூடி இருப்பதற்கு வேறு பெயர். ஆனால் ஒரு நாளில் நம்மிடம் கேட்கப்படும் நூறு கருத்துகளில் அப்படிப்பட்டது எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

இனி தனிமை. உங்கள் கேள்வியில் என்னை அதிகம் தொட்டது, ‘என்னைப் போல ஒருவர்கூட இல்லையோ’ என்ற வரி. 1950-களில் உளவியலாளர் சாலமன் ஆஷ் ஒரு சோதனை நடத்தினார். ஓர் அட்டையில் ஒரு கோடு, இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தையும் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள் எல்லோரும் ஆஷ் ஏற்பாடு செய்தவர்கள். முன்பே பேசிவைத்தபடி ஒரே தவறான விடையைச் சொன்னார்கள். சோதிக்கப்பட்டவர்களில் சுமார் முக்கால்வாசிப் பேர் ஒரு முறையாவது கண்ணால் கண்டதை விட்டுவிட்டுக் கூட்டத்தின் விடையைச் சொன்னார்கள். இந்த இடத்தோடு நிறுத்திவிட்டு, மனிதன் ஆட்டுமந்தை என்று முடித்துவிடுகிறவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அடுத்துச் செய்தது. அதே அறையில் சரியான விடையைச் சொல்லும் ஒரே ஒருவரைச் சேர்த்தார். கூட்டத்துக்கு இணங்கிச் சொன்ன தவறான விடைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்த நிலையிலிருந்து ஏறத்தாழ இருபதில் ஒன்றாக இறங்கிவிட்டன.

ஆக, ஊரைத் திருத்தத் தேவையில்லை. இயக்கம் தேட வேண்டியதும் இல்லை. ஒரே ஒரு மனிதர் போதும். உங்களோடு எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறவராக அவர் இருக்க வேண்டியதில்லை. அவர் முன்னால் நடிக்க வேண்டாம் என்றால் அதுவே நிறைவு. எனக்கு அப்படி ஒரு தோழி இருக்கிறாள். அரசியலில் எங்களுக்குள் பல விஷயங்களில் முரண்பாடு. ஆனால் ‘எனக்கு இன்னும் தெரியவில்லை’ என்ற வாக்கியத்தை நான் கூச்சமில்லாமல் சொல்லக்கூடிய இடம் அவள்தான். அவளோடு பேசிவிட்டு வந்தால் மற்றவர்களின் சத்தம் அதே அளவில் இருந்தாலும் என்னை அசைப்பதில்லை. இதன் மறுபக்கத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் அமைதியாக மறுத்து நிற்கும் அறையில், அந்த ஒருவராக நீங்களே இன்னொருவருக்கு இருக்கிறீர்கள். அந்தக் கூட்டறிக்கைக்குப் பிறகு ஒருவர் தனியாக வந்து, தனக்கும் விவரம் தெரியாது, ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னார். அவரை நான் குறை சொல்லவில்லை. அடுத்த முறை அவரும் போடவில்லை.

அடுத்தது கவனம். செய்தியை முற்றிலும் துறக்கச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை என்று முதலிலேயே சொன்னேன். தெரியாமல் இருப்பது சுதந்திரம் ஆகாது. ஆனால் அளவு என்று ஒன்று இருக்கிறது. 2013-இல் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்த பிறகு அமெரிக்க ஆய்வாளர்கள் மக்களின் மன அழுத்தத்தை அளந்தார்கள். அடுத்த ஒரு வாரம் நாள்தோறும் ஆறு மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளிலேயே மூழ்கியிருந்தவர்கள், குண்டு வெடித்த இடத்தில் இருந்தவர்களைவிடவும் அதிகமான கடும் மன அழுத்தத்தைத் தெரிவித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அதிர்ச்சியாக இருந்தது. தகவல் ஓர் எல்லை தாண்டினால் அறிவாக நிற்பதில்லை, காயமாகிறது. காயம்பட்ட மனம் பக்கத்தில் இருக்கும் கோபத்தைப் பற்றிக்கொள்ளும். அணி சேர்க்கிறவர்களுக்கு அதைவிட வசதியானது வேறில்லை.

நான் செய்தியைப் படிக்கிறேன், காணொளியாகப் பார்ப்பதில்லை. நாளுக்கு ஒரு முறை, குறித்த நேரத்தில். காலையில் எழுந்ததும் இல்லை, படுக்கும் முன்பும் இல்லை. உடனே கருத்துச் சொல்லும்படி வருகிற எதற்கும் ஓர் இரவு கழித்துத்தான் கருத்து. மறுநாள் காலையில் அந்தச் செய்தியே பாதி மாறியிருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன். தொலைபேசியின் அறிவிப்புகளை அணைப்பது போன்றவற்றை நீங்களே அறிவீர்கள், அதில் சொல்ல ஒன்றுமில்லை.

பலர் பேசத் தயங்குகிற ஒன்று இருக்கிறது: பணம். மன உறுதி மட்டும் இருந்தால் மறுத்துவிடலாம் என்று எழுதுகிறவர்கள் மாதச் சம்பளத்தை மறந்துவிடுகிறார்கள். டச்சுத் தத்துவ அறிஞர் ஸ்பினோசாவின் வாழ்க்கையை இதற்காகவே நான் திரும்பத் திரும்ப நினைப்பதுண்டு. 1656-இல், இருபத்து மூன்று வயதில், ஆம்ஸ்டர்டாம் யூதச் சமூகம் அவரைச் சபித்து விலக்கியது. கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துக் கொடுத்து வருமானம் தேடினார், நண்பர்கள் சிலர் உதவினார்கள், எளிமையாக வாழ்ந்தார். 1673-இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி தேடி வந்தது. சிந்திக்க முழுச் சுதந்திரம் உண்டு, நிலைபெற்ற மதத்தைக் கலைக்க அதைப் பயன்படுத்த மாட்டீர்கள் என்று நம்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சுதந்திரத்தின் எல்லை எதுவென்று தனக்குத் தெரியவில்லை என்று பணிவாகப் பதில் எழுதி மறுத்துவிட்டார். செலவு குறைவாக இருந்ததால் அவரால் மறுக்க முடிந்தது.

அவர் வீரம் காட்டுகிறவரும் அல்லர். 1670-இல் வந்த நூலில் தன் பெயரைப் போடவில்லை. பதிப்பித்த ஊரின் பெயரும் பொய். அறநெறி பற்றிய தன் முதன்மையான நூலை 1675-இல் அச்சிடப் போனவர், எதிர்ப்பு கிளம்புவதைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அவர் இறந்த பிறகுதான் அது வெளிவந்தது. இதைப் பலவீனம் என்று நான் நினைக்கவில்லை. தன் எண்ணத்தை ஒரு வரிகூட மாற்றாமல் அதை எப்போது வெளியே விடுவது என்று மட்டும் அவர் முடிவு செய்தார். அந்த முடிவை எடுக்கும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. ‘இப்போதே சொல், எல்லார் முன்பும் சொல்’ என்று நெருக்குகிறவர்கள் அந்த உரிமையைத்தான் பிடுங்குகிறார்கள்.

உள்மனத்தைப் பற்றி ஒன்று. அடிமையாகப் பிறந்த கிரேக்க அறிஞர் எபிக்டெட்டஸ், நம் கையில் இருப்பதையும் இல்லாததையும் பிரித்துப் பார்க்கக் கற்பித்தார். பிறர் நம்மைப் பற்றி நினைப்பது நம் கையில் இல்லை, நம் தீர்ப்பு நம் கையில் இருக்கிறது. இது நிறைய உதவும். ஆனால் இதை மட்டும் பிடித்துக்கொண்டு உலகம் எப்படியும் போகட்டும் என்று இருப்பதை நான் ஏற்கவில்லை. சிந்தனைக்கும் மனச்சான்றுக்கும் கருத்துக்கும் உரிமை உண்டு என்று 1948-இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தின் 18, 19-ஆம் பிரிவுகளில் எழுதிவைத்தவர்கள் உள்ளத்தை மட்டும் நம்பியிருந்தால் அதை எழுதியிருக்க மாட்டார்கள். வழக்கறிஞர்களும் நேர்மையான பத்திரிகைகளும் உரிமை அமைப்புகளும் இயங்கினால்தான் என் வீட்டுக்குள் நான் அமைதியாக இருக்க முடிகிறது. அப்படி இயங்கும் ஒன்றுக்கு முடிந்ததைக் கொடுங்கள்.

யாரையாவது வெறுப்பதா வேண்டாமா என்பதும் நம் விருப்பம்தான் என்பதை மறந்துவிடுகிறோம். யாரை வெறுக்க வேண்டும் என்ற பட்டியலை யாரோ தயாரித்துத் தருகிறார்கள். எனக்கு அண்ணன் முறையாகும் உறவினர் ஒருவர் எனக்கு நேர் எதிரான கருத்துள்ளவர். ‘அண்ணா, அதை விடுங்கள், முழங்கால் வலி எப்படி இருக்கிறது?’ என்றுதான் அவரிடம் பேச்சைத் தொடங்குகிறேன். இதைச் சமரசம் என்று சிலர் சொன்னார்கள். என் அண்ணனை எனக்குப் பிடித்திருக்கிறது, அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

உங்கள் அலுவலகத்தில் மறுத்தால் வேலை போகுமா, அல்லது முகச்சுளிப்போடு முடியுமா என்பது கேள்வியில் இல்லை. முகச்சுளிப்புதான் என்றால் அடுத்த முறையே தாளைத் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள். வேலைதான் போகும், வீட்டில் உங்களை நம்பியிருப்பவர்கள் இருக்கிறார்கள் என்றால், நெருக்கடியில் போட்ட ஒரு கையெழுத்துக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். மனத்துக்குள் அதை நியாயப்படுத்தாமல் மட்டும் இருங்கள். அதே தாளை இன்னொருவரிடம் நீட்டாதீர்கள். சில மாதச் செலவுக்கான பணத்தைச் சேர்க்கத் தொடங்குங்கள், வேறு வேலைக்கு விண்ணப்பம் போட்டு வையுங்கள். எவ்வளவு சேர்ந்தால் உங்களால் மறுக்க முடியும் என்று இன்றே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.