லேசர் ஒளியிலிருந்து நியூட்ரான் எப்படி வரும்?

காரைக்குடித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஒளியில் நியூட்ரானே இல்லையே, அப்புறம் எப்படி?”

சரியான சந்தேகம். நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது, நேராகத் தள்ள முடியாது. அதனால் திண்ணையில் கேரம் ஆடுகிற மாதிரி, ஒரு காயை அடித்து இன்னொன்றை நகர்த்துகிறார்கள். டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) சேர்ந்த மெல்லிய பிளாஸ்டிக் படலத்தில், ஒரு பிக்கோ நொடிக்கும் (நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) குறைவான லேசர் துடிப்பு விழுகிறது. எலக்ட்ரான்கள் தெறித்து ஓடுகின்றன. அதில் பிறக்கும் மின்புலம் டியூட்ரான்களை, அதாவது டியூட்டீரியத்தின் அணுக்கருக்களை, பின்னாலேயே இழுத்துப் போகிறது. எதிரே வைத்த பெரிலியம் என்ற உலோகத்தில் அவை மோதும்போதுதான் நியூட்ரான்கள் வெளியே வரும். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில், டிரைடென்ட் என்ற லேசரை வைத்து இதைச் செய்து காட்டிவிட்டார்கள்.

பயனா? உங்கள் ஊர் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வு செய்கிற லித்தியம் பேட்டரியையே எடுங்கள். எக்ஸ்ரேக்கு லித்தியம் சரியாகப் பிடிபடாது. நியூட்ரானுக்குப் பளிச்சென்று தெரியும்.